பட்டைக்குள் ஒட்டுக்குடித்தனம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'கார்ட்டிசியஸ்' என்ற சின்ன வண்டைப் பற்றி நான்கு வரித் துணுக்கு ஒன்று வந்தது. ஊசியிலைக் காடுகளில், பட்டை வண்டு குடைந்த சுரங்கத்துக்குள் அதனோடு சேர்ந்து வாழும் இருள்வண்டு இது. 'பட்டை வண்டைத் தின்று காட்டைக் காப்பாற்றும் வண்டு' என்று துணுக்கு முடிந்திருந்தது. கடைசி வரி கொஞ்சம் அதிகப்படி. வந்த கடிதங்களில் பலவும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. முதலில் ஆளை அடையாளம் காட்டிவிட்டு அந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

இருள்வண்டு, பட்டை வண்டு இரண்டும் ஒரே பட்டைக்கடியில் இருந்தால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? இரண்டுமே பழுப்பு, இரண்டுமே 3 மில்லிமீட்டர் என்கிறீர்கள். – வனவியல் மாணவி, மேட்டுப்பாளையம்

10 மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும். முதலில் உடலின் வாகைப் பாருங்கள். பட்டை வண்டு குட்டையாக, தடித்து, மருந்து மாத்திரை மாதிரி உருண்டிருக்கும். கார்ட்டிசியஸ் ஒல்லியாக நீண்டு, அகலத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு நீளத்தில், இருபுறமும் இணைகோடாக, வழவழப்பாக மின்னும். அடுத்து உணர்கொம்பு. பட்டை வண்டுக்கு அது முழங்கை போல மடங்கி, நுனியில் ஒரே குமிழாக முடியும். கூன்வண்டுக் குடும்பத்தில் வந்த கிளை அது, அந்த முழங்கை குடும்பச் சொத்து. கார்ட்டிசியஸுக்கு மடிப்பே கிடையாது. மணி கோத்த மாதிரி 11 கணுக்கள், நுனிப்பக்கம் போகப் போகச் சற்றே அகலும். கொம்பு தலையில் பொருந்தும் இடத்தை ஒரு சின்ன விளிம்பு மேலிருந்து மறைத்திருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் பாதக் கணுக்களை எண்ணுங்கள். முன்கால் 5, நடுக்கால் 5, பின்கால் 4. இந்த 5-5-4 கணக்கு இருள்வண்டுக் குடும்பத்தின் அடையாளம். 3 மி.மீ. உடம்பில் இதை எண்ணக் கைலென்ஸ் போதாது, 40 மடங்கு நுண்ணோக்கி வேண்டும். இந்தக் கணக்கு வேறு சில வண்டுக் குடும்பங்களுக்கும் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

பட்டை வண்டோடு குழம்புவதைவிட, பட்டைக்கடியில் வாழும் மற்ற ஒல்லி வண்டுகளோடு குழம்புவதுதான் அதிகம். ரைசோஃபேகஸ் வண்டும் அதே அளவு, அதே பழுப்பு. ஆனால் அதன் உறையிறக்கை வயிற்றின் நுனியை மூடாது, கொம்பின் நுனியில் தெளிவான குமிழ் இருக்கும். கருத்து மின்னி, இறக்கை பின்னால் வெட்டிவிட்டது போல் இருந்தால் அது ஹிஸ்டர் வண்டு.

புழுப் பருவத்தில் குழப்பமே இல்லை. பட்டை வண்டின் புழு வெள்ளையாக, காலில்லாமல், அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். கார்ட்டிசியஸ் புழு நேராக, மூன்று சோடிக் கால்களோடு, பறவைத் தீனிக் கடையில் விற்கும் மீல்வார்மைச் சுருக்கி வைத்தது மாதிரி ஓடும். மீல்வார்மும் இருள்வண்டுப் புழுதான். இளஞ்சிவப்பாக, மயிரோடு, வால்நுனியில் இரண்டு கொக்கிகளோடு ஒரு புழு தென்பட்டால் அது செக்கர் வண்டின் புழு. அதைப் பற்றி அடுத்த பதிலில்.

பெயர்களையும் சொல்லிவிடுகிறோம். 'கார்ட்டெக்ஸ்' என்றால் லத்தீனில் பட்டை. அதிலிருந்து வந்தது கார்ட்டிசியஸ். பழைய நூல்களில் ஹைபோஃப்ளியஸ் என்று இருக்கும். கிரேக்கத்தில் 'பட்டைக்கு அடியில்' என்று பொருள். இனப்பெயர்களை மட்டும் அப்படியே நம்பக்கூடாது. கார்ட்டிசியஸ் ஃப்ராக்சினி என்ற பெயரில் இருப்பது ஆஷ் மரம். வண்டு வாழ்வதோ ஐரோப்பியப் பைன் மரத்தில், ஆறுபல் பட்டை வண்டான இப்ஸ் செக்ஸ்டென்டேட்டஸின் சுரங்கத்தில்.

அது பட்டை வண்டைத் தின்கிறதா இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள். – வாசகர், திருச்சி

கிடைத்தால் தின்னும், கிடைக்காவிட்டால் மீதியைத் தின்று காலம் தள்ளும். ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டோம். ஆனால் விஷயம் அந்த 'கிடைத்தால்' என்ற சொல்லில் இருக்கிறது.

நன்றாக ஆராயப்பட்டது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடக்கும் கதை. அங்கே பைன் காடுகளின் பெரும்பகை தென்னகப் பைன் வண்டு, டென்ட்ரோக்டோனஸ் ஃப்ரான்டாலிஸ். உடல் 2 முதல் 4 மி.மீ. தான். உள்பட்டையில் வளைந்து நெளிந்து, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் பாதைகளைக் குடைந்து, ஓரங்களில் சிறு குழி தோண்டிக் குழிக்கு ஒரு முட்டை வைத்து, மரத்தூளால் அடைத்துவிடும். இந்தச் சுரங்கங்களில் கார்ட்டிசியஸ் கிளாபர், கார்ட்டிசியஸ் பேரலெலஸ் என்ற இரண்டு இனங்கள் குடியிருக்கின்றன. ஆய்வகத்தில் முட்டையும் இளம்புழுவும் வைத்தால் இவை தின்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் சுரங்கத்தில் வளரும் நீலக்கறைப் பூஞ்சை, எச்சம் கலந்த மரத்தூள் என்று கிடைத்ததைத் தின்று உயிர் வாழ்கின்றன. முழுநேர வேட்டைக்காரர்கள் அல்ல என்பது இதனால்தான்.

கொன்றுதின்னி என்று பெயர் வாங்க வேட்டையையே நம்பிப் பிழைக்க வேண்டும். செக்கர் வண்டு தனாசிமஸ் டுபியஸ் அப்படிப்பட்டது. பைன் வண்டு மரத்தைத் தாக்கும்போது வெளியிடும் ஃப்ரான்டாலின் என்ற ஃபெரமோன் வாசனையை மோப்பம் பிடித்து, தாக்குதல் தொடங்கும்போதே வந்துவிடும். பட்டையின் மேல் நின்று, வந்திறங்கும் வண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, தலையைத் திருகித் தின்னும். அதன் புழு பட்டைக்கடியில் பைன் வண்டின் புழுக்களைத் தின்னும். கார்ட்டிசியஸால் இப்படி மரத்துக்கு வெளியே வேலை செய்ய முடியாது. பட்டையைத் துளைக்கும் தாடை அதற்கு இல்லை. பட்டை வண்டு வாசலைத் திறந்த பிறகுதான் உள்ளே நுழைய முடியும். அதற்குள் முட்டைகளில் பாதி தூள்மூடிக்குப் பின்னால் போயிருக்கும்.

சரி, தின்றவரை லாபம்தானே என்று கேட்கலாம். அங்கேதான் துணுக்கின் கணக்கு உதைக்கிறது. கூட்டமாகத் தாக்கப்பட்ட மரத்தில் புழுக்களுக்கு உள்பட்டை போதாது. நெருக்கடியில் பல புழுக்கள் தாமாகவே பட்டினியில் சாகும். முட்டைகளில் சிலவற்றை இருள்வண்டு தின்றுவிட்டால், எஞ்சிய புழுக்களுக்குத் தீனி தாராளமாகிவிடும். எப்படியும் சாகவிருந்த கணக்கில் ஒரு பகுதியைத்தான் அது கழிக்கிறது. முதிர்ந்த வண்டைப் பிடித்துத் தின்னும் செக்கர் வண்டின் பலன் இப்படி ஈடாகிப் போவதில்லை.

தென் மாநில வனத்துறையினர் இளவேனிலில், டாக்வுட் மரம் பூக்கும் சமயத்தில், இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்து அந்த ஆண்டுத் தாக்குதலை முன்கூட்டிக் கணிப்பார்கள். பொறியில் விழுந்த பைன் வண்டு எத்தனை, செக்கர் வண்டு எத்தனை என்பதுதான் அங்கே பார்க்கப்படும் கணக்கு. செக்கர் வண்டின் பங்கு கூடினால் ஆறுதல். அந்தக் கணக்கில் கார்ட்டிசியஸுக்கு இடம் இல்லை.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு ஒட்டுண்ணிக் குளவியை வளர்த்து விட்டார்களே, அதுபோல இந்த வண்டை வளர்த்துக் காட்டில் விட்டால் என்ன? – விவசாயி, ஒட்டன்சத்திரம்

நல்ல ஒப்புமை. ஏன் பொருந்தாது என்பதும் அதிலேயே இருக்கிறது. 2010-ல் இங்கே விடப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே குளவிக்கு மாவுப்பூச்சியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பூச்சி பெருகினால் அதுவும் பெருகும், பூச்சி குறைந்தால் அதுவும் தேடித் திரியும். கார்ட்டிசியஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முட்டை தேடி அலைவதைவிடப் பூஞ்சையைத் தின்று அங்கேயே இருந்துவிடலாம். வளர்ப்பதும் லாபமில்லை, அதற்கு உயிருள்ள சுரங்கம் வேண்டும், அதாவது பட்டை வண்டையும் சேர்த்து வளர்க்க வேண்டும்.

பட்டை வண்டு விஷயத்தில் வளர்த்து விட்டு வென்ற முறை ஒன்று உண்டு. ஸ்ப்ரூஸ் மரத்தைத் தாக்கும் டென்ட்ரோக்டோனஸ் மிக்கன்ஸ் 1982-ல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளிலேயே ரைசோஃபேகஸ் கிராண்டிஸ் என்ற வண்டை வளர்த்துக் காட்டில் விட ஆரம்பித்தார்கள். இது அந்த ஒரு பட்டை வண்டை மட்டுமே நம்பி வாழ்வது. அதன் எச்சத்தூள் வாசனையை வைத்தே தனித்தனி மரங்களைக்கூடக் கண்டுபிடித்துவிடும். மிக்கன்ஸ் புழுக்கள் கூட்டமாக ஒரே அறையில் சேர்ந்து தின்பவை. நுழைந்த வண்டுக்கு விருந்துதான். வேட்டைக்கும் இரைக்கும் இவ்வளவு இறுக்கமான பொருத்தம் இருந்தால்தான் விடுவதில் அர்த்தம் உண்டு.

எங்கள் ஊர் ஹார்ட்ஸ் மலையடிவாரம். வீட்டுக்குப் பின்னால் எட்டு ஸ்ப்ரூஸ் மரங்கள். மூன்று காய்ந்துவிட்டன, ஒன்றில் அடியில் தூள் கொட்டுகிறது. எல்லாவற்றையும் வெட்டிவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருள்வண்டு இருந்தால் விட்டுவைக்கலாமா? – வாசகர், கோஸ்லார், ஜெர்மனி

இருள்வண்டை நம்பி எந்த மரத்தையும் விட்டுவைக்க வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் வெட்டவும் வேண்டாம். எந்த மரத்தில் எந்தப் பருவம் நடக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். 2018 வறட்சிக்குப் பிறகு ஹார்ட்ஸ் மலை ஸ்ப்ரூஸ் காடுகள் சரிந்ததற்குக் காரணமான எட்டுப்பல் பட்டை வண்டு, இப்ஸ் டைபோகிராஃபஸ், உங்கள் மரத்திலும் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். 4 முதல் 5.5 மி.மீ. நீளம், பின்புறம் சரிவாக வெட்டி இருபுறமும் நான்கு நான்கு பல் வைத்தது போல் இருக்கும்.

தூள் கொட்டும் மரம்தான் அவசரம். மழை பெய்யாத இரண்டு நாள் கழித்து, காலையில் அடிமரத்தைப் பாருங்கள். பட்டைச் செதில் இடுக்கிலும், சிலந்தி வலையிலும், அடியில் உள்ள இலைகளிலும் காப்பித்தூள் நிறத்தில் நுண்துகள் கிடந்தால் வண்டு இப்போது குடைந்துகொண்டிருக்கிறது. ஊசிகள் பச்சையாகவே இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோடையில் முட்டை வைத்ததிலிருந்து புது வண்டு பறக்க 6 முதல் 10 வாரம்தான். அதற்குள் வெட்டி அகற்ற வேண்டும்.

வெட்டிய தண்டைத் தோட்டத்திலேயே வைக்க வேண்டுமானால் பட்டையை உரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சாண் சதுரம் பட்டையை உரித்துப் பார்க்கும்போது முட்டையும் வெள்ளைப் புழுவும் மட்டும் இருந்தால், உரித்துப் போட்டால் போதும், காய்ந்து செத்துவிடும். பழுப்பு வண்டுகள் வந்துவிட்டிருந்தால் உரிப்பது உதவாது; உரித்த பட்டையிலிருந்து நடந்து வெளியே வந்து பறந்துவிடும். அந்தக் கட்டத்தில் பட்டையோடு முழுத்தண்டையும் காட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், அல்லது பட்டையை எரிக்க வேண்டும். எரிக்கும் முன் உள்ளூர் வனத்துறையைக் கேட்டுவிடுங்கள்.

காய்ந்த மூன்று மரங்களில் பட்டை தானே கழன்று விழுகிறதா, உள்ளே வெறும் பாதைகள்தானா என்று பாருங்கள். அப்படியானால் பட்டை வண்டு காலி செய்துவிட்டுப் போய்விட்டது. இனி வெட்டினாலும் ஒரு வண்டும் குறையாது. உள்ளே தங்கியிருப்பது பெரும்பாலும் இருள்வண்டு, செக்கர் வண்டின் புழு, மெடெட்டெரா ஈயின் புழு, ஒட்டுண்ணிக் குளவிகள் என்ற கூட்டம். இவை பட்டை வண்டைவிடத் தாமதமாக வெளியே வருபவை. தீ மூட்டினால் பகைவன் தப்பி, பகைவனின் பகைவன்தான் வேகும். வீட்டின் மீதோ நடைபாதை மீதோ விழும் தூரத்தில் நிற்கும் மரத்தை மட்டும் வெட்டுங்கள். ஹார்ட்ஸ் தேசியப் பூங்காவில் காய்ந்த ஸ்ப்ரூஸ்கள் அப்படியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது சோம்பேறித்தனம் அல்ல.

இனக்கவர்ச்சிப் பொறி வாங்கி மாட்டலாமா என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். எட்டு மரம் உள்ள தோட்டத்தில் வேண்டாம். பொறியின் வாசனைக்கு வரும் வண்டுகளில் ஒரு பகுதி பொறியில் விழாமல் பக்கத்து மரத்தில் இறங்கும். பொறிக்கும் நல்ல மரத்துக்கும் இடையே குறைந்தது 10 மீட்டராவது வேண்டும், உங்கள் தோட்டம் அதற்குப் போதாது. செக்கர் வண்டும் அதே வாசனைக்கு வந்து அதே பொறியில் சாகும்.

விறகுக்குப் பைன் கட்டை வாங்கினோம். பிளக்கும்போது பட்டைக்கடியில் ஒல்லியான பழுப்பு வண்டுகள் ஓடின. மரத்தில் நீலக்கறை. வீட்டு மரச்சாமான்களைத் தின்றுவிடுமா? – வாசகி, கம்லூப்ஸ், கனடா

தின்னாது. கார்ட்டிசியஸ் போன்றவற்றுக்கு ஈரமுள்ள பட்டையும் சுரங்கமும் வேண்டும். மேசைக்காலில் இரண்டும் இல்லை. நீலக்கறை பட்டை வண்டு கொண்டுவந்த பூஞ்சையால் வந்தது. மரத்தின் வலு அதனால் பெரிதாகக் குறைவதில்லை. 'டெனிம் பைன்' என்று பெயர் வைத்து அந்தப் பலகையை அழகுக்காக விற்கிறார்கள்.

உங்கள் மாகாணத்தில் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தொட்ட மலைப் பைன் வண்டுதான் அந்த மரத்தைக் கொன்றிருக்கும். தாக்கிய ஆண்டில் ஊசி பச்சையாகவே இருக்கும், மறு ஆண்டு சிவக்கும், அதற்கடுத்து ஊசி உதிர்ந்து மரம் சாம்பல் நிறமாகும். சாம்பல் மரத்து விறகில் மலைப் பைன் வண்டு இருக்காது. பச்சையாக வெட்டிய, பட்டை ஒட்டிய விறகில்தான் ஆபத்து; அதை வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். கோடை நடுவில் வண்டு பறப்பதற்கு முன் எரித்து முடித்துவிடுங்கள்.

முதுகலை ஆய்வுக்காக இப்ஸ் சுரங்கத்தோடு வாழும் வண்டுகளைக் கணக்கெடுக்க வேண்டும். பட்டையை உரித்து எண்ணுவதா, கட்டையை வைத்து வெளிவரும் வண்டை எண்ணுவதா? – மாணவர், உப்சாலா, ஸ்வீடன்

இரண்டும் செய்யுங்கள். ஒன்று மட்டும் என்றால் பொய்க் கணக்கு வரும்.

உரிப்பதற்கு 10 க்கு 10 செ.மீ., அதாவது 100 சதுர செ.மீ. துண்டு வசதி. கூர்மையான உளியால் நான்கு பக்கமும் மரம்வரை வெட்டி, கீழே வெள்ளைத் துணியோ தட்டோ பிடித்த பிறகே நெம்புங்கள். கார்ட்டிசியஸ் வெளிச்சம் பட்ட கணமே பட்டைச் செதிலுக்குள் ஓடும். தட்டு இல்லாவிட்டால் பாதி புல்லில் விழுந்து போகும். பட்டையின் உட்புறம், மரத்தின் மேற்புறம், பட்டையின் வெளிச்செதில் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே உயரத்தில் எடுக்காதீர்கள். மரத்தின் மேல்பகுதியில் பட்டை மெலிந்து, பித்யோஜெனஸ் போன்ற 2 மி.மீ. வண்டுகள் குடியிருக்கும், அங்கே கார்ட்டிசியஸ் லினியாரிஸ் போன்ற மெல்லிய இனங்கள் கிடைக்கலாம். சுரங்கத்தின் விட்டம்தான் யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

கட்டை முறைக்கு 40 முதல் 50 செ.மீ. நீளத் துண்டுகள். இரு வெட்டுமுகங்களையும் உருக்கிய பாரஃபின் மெழுகால் மூடுங்கள். மூடாவிட்டால் இரண்டே வாரத்தில் உள்பட்டை காய்ந்து புழுக்கள் சாகும். ஒளி புகாத டிரம்மில், கட்டை அடியில் தொடாதபடி இரண்டு சட்டத்தின் மேல் வையுங்கள். டிரம்மின் பக்கவாட்டில் ஒரு துளை, அதில் புனல், புனலின் முனையில் கண்ணாடி ஜாடி. உள்ளே இருட்டு, ஜாடியில் மட்டும் வெளிச்சம். அறை 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். மூடியில் மெல்லிய கம்பிவலை வைத்த காற்றுத்துளை அவசியம். இல்லாவிட்டால் உட்சுவரில் நீர் கோத்து, ஒரு வாரத்தில் பச்சைப் பூஞ்சணம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஜாடியில் உயிரோடு சேர்ப்பதானால் தினமும் எடுக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் செக்கர் வண்டு மற்றதைத் தின்று உங்கள் எண்ணிக்கையைக் கெடுக்கும். உயிர் தேவையில்லை என்றால் 70 சதவீத எத்தனால் ஊற்றி வையுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் முடிவில் வருகிறது. பட்டை வண்டு வருவது நின்றதும் டிரம்மைக் காலி செய்துவிடுவார்கள். இருள்வண்டு வெளிச்சத்தைத் தேடி ஜாடிக்கு வர அவசரப்படாது. டிரம்மின் அடித்தூளிலும் பட்டைக்குள்ளும் தங்கிவிடும். செக்கர் வண்டோ பட்டைக்குள் குழி செய்து மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் கடைசி வண்டு வந்த பின்னும் கட்டையை வைத்திருந்து, முடிவில் அடித்தூளைச் சலித்து, பட்டையை முழுக்க உரித்து எண்ணுங்கள். ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கட்டையில் எத்தனை கார்ட்டிசியஸ் என்ற எண், அது எத்தனை முட்டை தின்றது என்பதற்குச் சாட்சி ஆகாது. கூட இருந்ததால் கொன்றது என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார்.

கொடைக்கானல் பைன் காட்டிலும் இவை உண்டா? – சுற்றுலா வழிகாட்டி, கொடைக்கானல்

அங்கே நிற்கும் பைன்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான ஊசியிலை வகை மரம் ஒன்றே ஒன்றுதான், நாகீயா வாலிச்சியானா. அதன் இலை ஊசியாகவே இருக்காது, பைன் குடும்பமும் அல்ல. இந்தியாவில் பைனும் பட்டை வண்டும் காலங்காலமாகச் சேர்ந்து வாழும் காட்சி வேண்டுமானால் இமயத்துக்குத்தான் போக வேண்டும். சீர் பைனில் இப்ஸ் லாஞ்சிஃபோலியா உண்டு. பூட்டானில் 1980-களில் ஸ்ப்ரூஸ் காடுகளை அழித்தது இப்ஸ் ஷ்மூட்சன்ஹோஃபெரி.

பட்டை வண்டின் உறவினரைத் தேடி நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மலையில் காப்பி போட்டவர்களைக் கேளுங்கள், காய்த் துளைப்பானைத் திட்டாமல் பேச்சு முடியாது. 1990-ல் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட அந்த வண்டு, பட்டை வண்டுகளின் அதே கிளையைச் சேர்ந்தது.

மைதா டப்பாவில் வரும் செவ்வண்டும் இருள்வண்டா? – வாசகி, சென்னை

ஆமாம். டிரைபோலியம் காஸ்டேனியம், 3 முதல் 4 மி.மீ. கார்ட்டிசியஸின் ஒன்றுவிட்ட உறவு. அதன் முன்னோர்களும் மரப்பட்டைக்கு அடியில் வாழ்ந்து, பிறகு மனிதனின் தானியக் குதிருக்குள் புகுந்தவை என்று கருதப்படுகிறது. மாவு இளஞ்சிவப்பாகி, மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் அது வண்டு சுரக்கும் குயினோன். சலித்துப் பயன்படுத்தாதீர்கள், கொட்டிவிடுங்கள். புது மாவை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, இறுக்கமான டப்பாவில் போட்டால் முட்டையும் செத்துவிடும். டப்பாவின் மூடித் திருகில் ஒட்டியிருக்கும் பழைய மாவைத் துடைக்காமல் புதுசு போட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி வரும்.

ரப்பர் தோட்டத்துப் பக்கம் வீடு. கோடை மழை பெய்ததும் ராத்திரியில் கறுப்பு வண்டு சாரிசாரியாக வந்து ஓட்டுக்குள் அடைகிறது. இதுவும் உங்கள் இருள்வண்டுக் கூட்டம்தான் என்கிறான் மகன். உண்மையா? – வாசகர், மார்த்தாண்டம்

உங்கள் மகன் சொன்னது சரி. அது முப்ளி வண்டு, லுப்ரோப்ஸ் டிரிஸ்டிஸ். 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம். கார்ட்டிசியஸ் பட்டைக்குள் வாழ்கிறது, முப்ளி ரப்பர்ச் சருகுக்குள் வாழ்கிறது. மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிர்த்ததும் அந்தச் சருகைத் தின்று பெருகும். கோடை மழையில் சருகு நனைந்ததும் ஒதுங்க இடம் தேடி விளக்கு வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும். ஒரு வீட்டில் லட்சக்கணக்கில் அடையும், மாதக்கணக்கில் தின்னாமல் உறங்கும்.

நசுக்காதீர்கள். அது விடும் திரவம் பட்டால் தோல் எரிந்து கொப்புளிக்கும். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். முதல் இரண்டு மூன்று மழை நாட்களில், அந்தி முதல் 9 மணிவரை தோட்டத்தைப் பார்த்த பக்கம் விளக்கை அணைத்து வையுங்கள். வந்து அடைந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் தடுப்பது எளிது. அடைந்துவிட்டதென்றால் ஓட்டுச் சந்தில் மருந்தடிக்க வேண்டாம். மேலிருந்து கும்பலாக உதிர்ந்து சோற்றிலும் தொட்டிலிலும் விழும். விளக்குமாறால் தட்டி, அடியில் சோப்புத் தண்ணீர் வைத்த வாளியில் விழ வையுங்கள். நீளக் கைச்சட்டையும், தலைக்கு ஒரு துண்டும் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.